பரணில் காய்ந்த சீடி

எனக்கு ஒழுங்காக எழுத வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனவள் நான். பேனாவைக் கொடுத்தால் விரல்கள் அதையும் கொழுந்தைக் கிள்ளுகிற மாதிரிதான் பிடிக்கின்றன. எழுத்து ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் விழுகிறது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நின்றுகொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். "மொத மொத தோட்டத்துக்கு கம்பியூட்டர் வந்த கதைய நீங்கதான் எழுதணும் ஆயம்மா, உங்க மடுவத்துலதானே இருந்துச்சு" என்று பள்ளிக்கூட அதிபர் என் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முடியாது என்று சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன விடுமுறைக்கு என் பேத்தி கொழும்பிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய அம்மா, அதாவது என் மகள் விஜி, எனக்கென்று ஒரு போன் கொடுத்தனுப்பியிருந்தாள். பேத்தி அதை எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மாச்சி, இதுல ஒண்ணு ஏத்தித் தாரேன். மழை எப்ப வரும்னு அதுவே சொல்லும்."

"அத என் முட்டியே சொல்லுமே."

அவள் சிரித்துக்கொண்டே எங்கேயோ தொட்டாள். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. நான் தேத்தண்ணியை ஊதி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"எங்க போயி வாங்குனே?" என்றேன்.

"எங்கயும் போகல அம்மாச்சி. அதுவா வந்துருச்சு."

போனை என் கையில் வைத்தாள். அதன் முதுகு இளஞ்சூடாக இருந்தது. என்னையறியாமல் மூக்கருகே கொண்டுபோனேன். போனை யாராவது மோந்து பார்ப்பார்களா என்று பேத்திக்கு ஒரே சிரிப்பு. சூடேறின பிளாஸ்டிக் வாசமும் அதற்குள் கொஞ்சம் தூசியும். அந்த வாசம் என்னை நேரே பழைய பிள்ளை மடுவத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டது.

பிள்ளை மடுவம் என்றால் மலைக்குப் போகிற தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். இடுப்பில் வலி வந்து என்னால் கூடை தூக்க முடியாமல் போனபிறகு அங்கேதான் ஆயம்மாவாக வைத்தார்கள். உத்திரத்தில் வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். ஒன்றை ஆட்டிவிட்டால் அந்த ஆட்டத்தில் பக்கத்து ஏணையும் தானாக அசையும். மாப்பால் கொதிக்கிற வாசம், ஈரத்துணி வாசம், குளிருக்கு மூட்டி வைத்த கரியடுப்பு வாசம், சளி பிடித்த பிள்ளைகளுக்காகச் சுடுதண்ணீரில் போட்ட தைல இலை வாசம். கண்ணைக் கட்டி விட்டால்கூட மடுவத்துக்கு வந்துவிடுவேன். இதற்குள் ஒருநாள் புதிதாக வந்து சேர்ந்ததுதான் அந்தச் சூடான தூசி வாசம்.

கொழும்பில் ஏதோ ஒரு சங்கம், பெயர் மறந்துபோனது, பழைய கொம்பியூட்டர் ஒன்றைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று அனுப்பி வைத்தது. ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்தில் யாரிடமும் கைப்போன் இல்லாத காலம். கொட்டகலை ஸ்டேஷனிலிருந்து அது கொழுந்து லொறியில்தான் வந்தது. மேலே இரண்டு சாக்கைப் போட்டு, சாக்கின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருகிற மாதிரி மெதுவாகக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கரண்ட் இல்லை. கோயில் மண்டபத்துக்குக் கதவு இல்லை. கரண்டும் கதவும் ஒழுகாத கூரையும் இருந்த ஒரே இடம் மடுவத்தின் உள்ளறைதான், உள்காம்பரா என்போம். மேசையில் ஏற்றி, சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டினோம். முதல் தடவை அதைப் போட்டபோது கண்ணாடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குண்டுப் பறவை வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் அதற்குத் தாராக்குஞ்சு, அதாவது வாத்துக்குஞ்சு, என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூடுபனி இறங்கின காலையில் மிசின் லேசில் எழும்பாது. கரியடுப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்து, என் பழைய கம்பளியை அதன் தோளில் போட்டு, காம்பரா சூடேறினபிறகுதான் தாராக்குஞ்சு கண்ணைத் திறக்கும். குழந்தைகளும் அப்படித்தானே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அதைப் பார்த்துக்கொண்டவள் விஜி. ஓ.எல். பரீட்சை பாஸாகி, ஹட்டனில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்ப் பழகியிருந்தாள். படித்த பிள்ளைக்குத் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? என் வீட்டுக்காரரின் தங்கை பாக்கியம் கொழும்புப் பக்கத்தில் ஒரு கார்மெண்டில் வேலை செய்தாள். தீபாவளிக்கு வந்தபோதே பேச்சை எடுத்துவிட்டாள்.

"அண்ணி, விஜிய என்னோட அனுப்புங்க. அங்க கம்பியூட்டர் தெரிஞ்ச புள்ளைகளுக்கு ஆபீசுலயே எடம் இருக்கு. நான் சொல்லி வச்சிருக்கேன்."

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது, அது பிறவிக்குணம். வீட்டுக்காரர்தான் உடனே சொன்னார். "போகட்டும் பாக்கியம். இங்க இருந்து என்னத்தக் காணப்போறா. படிச்ச கையில கூடையத் தூக்கணுமா?" அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரே பிள்ளை. கொஞ்சம் யோசிக்கிற மாதிரியாவது இருந்திருக்கலாம்.

விஜி ஒரு தவணை கேட்டாள். "அத்த, மடுவத்து மிசின்ல தமிழெழுத்து ஏத்தி முடிச்சிட்டு வாரேன். அது வந்துட்டா கௌரி டீச்சர் பாத்துக்குவாங்க. புள்ளைங்களுக்கும் பிரயோசனமா இருக்கும்."

"அதுக்கு எம்புட்டு நாளாகும்?"

"ஒரு வாரம்."

கௌரி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். பாலர் பாட்டும் கதையும் தமிழில் ஒரு டிஸ்கில் போட்டு வைத்திருந்தார். ஆனால் அதை மடுவத்து மிசினில் போட்டால் எழுத்தே வராது. கட்டம் கட்டமாக வரும். வரிசை வரிசையாக, ஒரே அளவில், வெறும் கட்டம். எனக்கு அதைப் பார்த்ததும் மலையுச்சியிலிருந்து பார்க்கிற லயம் மாதிரி இருந்தது. காம்பரா காம்பராவாக, ஆனால் உள்ளே ஆளில்லாத லயம். "ஐயோ, இது எங்கட பாட்டே?" என்று டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

தோட்டத்தில் இண்டர்நெட் கிடையாது. ஆபீசில் ஒரு போன், துரை பங்களாவில் ஒரு போன், அவ்வளவுதான். மிசினுக்கு எது வேண்டுமானாலும் ஹட்டனில் போய் ஒரு சீடியில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று நானும் கூடப் போனேன். முதல் ஞாயிறு ஒரு சீடியைக் கொண்டுவந்தோம். விஜி உள்ளே தள்ளி, ஏதோ தட்டி, கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி?"

"இது ஏறணும்னா இன்னொண்ணு வேணுமாம் அம்மா."

"அப்ப அதக் கொடு."

"அது நம்மகிட்ட இல்லம்மா. திரும்பப் போகணும்."

எனக்கு விளங்கவில்லை. விஜி யோசித்துப் பார்த்துச் சொன்னாள். "டிஸ்பென்சரிக்குப் போனா மருந்து தாராங்களா? மொதல்ல கணக்கப்புள்ள துண்டு எங்கனு கேக்குறாங்க. கணக்கப்புள்ளகிட்ட போனா கங்காணி வந்து சொல்லட்டும்ங்கிறாரு. கங்காணியத் தேடிப் போனா அவரு மேக்கணக்கு மலையில நிக்கிறாரு. அது மாதிரிதான்."

"மிசினுக்குள்ளயுமா கணக்கப்புள்ள இருக்காரு!" என்றேன். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப்பிறகு மடுவத்தில் அதுவே பேச்சாகிவிட்டது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்க வருகிற பெண்கள் எட்டிப் பார்த்து, "என்ன விஜி, கணக்கப்புள்ள துண்டு கொடுத்துட்டாரா?" என்பார்கள். "இல்லக்கா, இந்தவாட்டி கங்காணியக் கூட்டிட்டு வரச் சொல்றாரு" என்பாள் அவள்.

அந்த இன்னொன்றைக் கொண்டுவந்தால் அது மூன்றாவதாக ஒன்றைக் கேட்டது. மூன்றாவதைக் கொண்டுவந்தால், இது பழசு, இதைவிடப் புதிசு வேண்டும் என்றது. எத்தனை ஞாயிறு போனோம் என்று எனக்கு ஞாபகமில்லை. எண்ணவும் இல்லை. எண்ணினால் முடிந்துபோகும் என்று ஒரு பயம். மிசின் கேட்கிற சாமானின் பெயர் இங்கிலீசில் வரும். விஜி அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள். ஒருதடவை, மழையில அழிஞ்சாலும் உங்க கையில இருக்கட்டும் என்று என் கையிலும் எழுதப் பார்த்தாள். எழுதிவிட்டுத் தேடினாள். கொழுந்துக்கறை ஊறிப்போன கை, மடுவத்துக்கு வந்து எத்தனையோ நாளாகியும் கறுப்பு போகவில்லை, அதில் மை எங்கே தெரியும்? "ஒங்க கையி ரகசியம் காக்கும்மா" என்றாள்.

அந்த பஸ் பயணம்தான் எனக்கு இப்போதும் கனவில் வருகிறது. சொன்னால் சிரிப்பீர்கள். அந்த பஸ்ஸில் கண்ணாடி சரியாக மூடாது, சாரல் உள்ளே வரும், நாங்கள் ஒரு சீலைத் தலைப்பை ரெண்டு பேரும் போர்த்திக்கொள்வோம். வெளியே ஒன்றும் தெரியாது. வெள்ளையாக மூடுபனி. அதற்குள்ளிருந்து ஒரு கோயில் மணி கேட்கும், ஒரு ஆள் குடையோடு தோன்றி மறைவார், பச்சையாக ஒரு திருப்பம் வரும், போகும். வீட்டில் வாயைத் திறக்காத பெண் பஸ்ஸில் ஏறினால் பேசுவாள். வகுப்பில் கூடப் படித்த பெண்ணின் கதை, கடல் பார்க்க வேண்டும் என்கிற ஆசை, பாக்கியம் அத்தை தூங்கும்போது பல்லைக் கடிப்பாள் என்பது, எல்லாம். நான் உம் கொட்டிக்கொண்டு வருவேன். வீட்டில் எங்களுக்கு ஒரே காம்பரா. மூன்று பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தர் மனதை ஒருத்தர் பார்க்க இடம் கிடையாது. பஸ் சீட்டில் அந்த இடம் இருந்தது. ஹட்டனில் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு வடையைத் தின்று, பால் கலக்காத பிளேண்டியும் குடித்துவிட்டு, சீடி ஏற்றித் தரும் நானா கடைக்கு ஏறுவோம். முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்போம்.

ரவூப் நானாவின் கடை மாடிப்படி ஏறின கையோடு இருக்கும். முன்னால் குடை, டார்ச் பேட்டரி, பிளாஸ்டிக் வாளி. உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நாலு கொம்பியூட்டர். அத்தர் வாசமும் சூடான தூசி வாசமும் கலந்து வரும். நான் படியிலேயே நின்றுவிடுவேன். என் காலில் சேறு, தலையில் ஈரம், உள்ளே சட்டை மடிப்புக் கலையாத பிள்ளைகள். எப்படிப் போவது?

"உள்ளுக்கு வாங்கம்மா, கம்பியூட்டர் கடிக்காது" என்பார் நானா ஒவ்வொரு தடவையும்.

"இருக்கட்டும் தம்பி, காத்தாட நிக்கிறேன்" என்பேன், மழையில் நடுங்கிக்கொண்டே.

அங்கே நின்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். திரையில் ஒரு நீலக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீளும். கொழுந்து இலையில் புழு ஊர்கிற மாதிரி நகரும், நிற்கும், யோசிக்கும், மறுபடி நகரும். மழை பலத்தால் லைன் அறுந்துபோய்க் கோடு திரும்ப முதலிலிருந்து வரும். நானா தலையில் அடித்துக்கொள்வார். "இது பொண்ணு கேக்கப் போன மாதிரி புள்ள. அவங்க சரின்னா மாமா வரணுமாம், மாமா வந்தா சாச்சா கோவமாம்" என்று அவர் சத்தமாகச் சொல்வது மட்டும் படிவரை கேட்கும். மற்றப் பேச்சு ஒன்றும் கேட்காது. ஒருநாள் நானா பெட்டியிலிருந்து தடியாக எதையோ எடுத்து விஜியிடம் நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் மறுபடி நீட்டினார். அவள் மறுபடி ஆட்டிவிட்டுக் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். விலை கூடின சாமானாக்கும், வேண்டாம் என்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஒரு சூடம் ஏற்றுவேன். என்ன வேண்டுதல் என்று பூசாரி கேட்டால், மகளுக்கு நல்ல இடம் அமையட்டும் என்பேன். அம்மனுக்குத்தான் தெரியும் நான் கேட்டது. இன்னும் ஒண்ணு கேக்கட்டும் தாயே, அந்த மிசின் இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கட்டும். பிள்ளைகளுக்கு அதனால் குறை ஒன்றும் வரவில்லை. தமிழ் வராவிட்டாலும் படம் கீறுகிற விளையாட்டு ஒன்று அதில் இருந்தது, அதற்கே அடிபிடி.

பாக்கியம் விடுவதாக இல்லை. நானா கடைக்குப் போன் எடுத்துச் சொல்லி அனுப்பினாள். "திருவிழாவுக்கு வாரேன். எந்தத் தமிழு வந்தாலும் வராட்டாலும் அவள கையோட கூட்டிட்டுப் போயிருவேன். அதுக்கு மேல எடம் நிக்காதுன்னு சொல்லுங்க."

திருவிழாவுக்குக் கிட்டத்தில் ஒரு ஞாயிறு. நல்ல மழை. நானா தன் கடைக் குடை ஒன்றைக் கொடுத்தும் நாங்கள் நனைந்துதான் வந்தோம். விஜியின் பைக்குள் தண்ணீர் இறங்கி, சீடியின் உறைக்குள் ஈரம். அவள் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்து, வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுத் தப்புச் சத்தத்துக்கு நான் எழும்பி அடுப்பைப் பார்த்தால், அடுப்புக்கு மேலே விறகு காயப்போடுகிற பரணில், சுள்ளிகளுக்கு நடுவே, சட்டிக்கு நேர் உச்சியில் அந்தச் சீடி. அப்பளம் மாதிரி ஒரு பக்கம் வளைந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் எல்லாமே அந்தப் பரணில்தான் காயும். விறகு, தீப்பெட்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து, நனைந்த அடையாள அட்டைகூட. ஆடி மாதத்தில் வெயிலை எங்கே தேடுவது? ஆனால் சீடியை?

"என்னங்கப்பா இது?" விஜி கேட்டாள்.

"ஈரமா இருந்துச்சும்மா. காயட்டும்னு வச்சேன்." அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். தலையைத் தூக்கவில்லை.

"சீடிய யாராச்சும் அடுப்புல காய வப்பாங்களா?"

"எனக்கு அதெல்லாம் என்னா தெரியும். கொழுந்துன்னா தெரியும்."

இங்கே அவரைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே கொழுந்து வாட்டுகிற மாடியில் அவர் வேலை செய்தார். பச்சைக் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து சூட்டுக்காற்று விட்டு, ஈரத்தை இழுக்க வேண்டும். கூடினால் கருகும், குறைந்தால் புளிக்கும். அவர் ஒரு பிடியை அள்ளிக் கசக்குவார். கையை விரித்ததும் அது துணி மாதிரி மெல்ல விரிந்தால் சரி. அவர் கையில் ஒருநாளும் கொழுந்து கருகினதில்லை என்று டீமேக்கர் ஐயாவே எங்கள் கல்யாணத்தில் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான். விஜி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் துணிகளை அதே பரணில் காயவைத்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்துத்தான் எடுப்பார். அந்த மனிதர்தான் சீடியைச் சட்டிக்கு நேர் மேலே வைத்திருந்தார்.

விஜி கத்துவாள் என்று பார்த்தேன். அவள் அந்த வளைந்த தட்டை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வானவில் மாதிரி அதில் நிறம் ஓடியது.

"சரி விடுங்கப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம போயிட்டு வாரோம்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு அப்போது அதிசயமாக இருந்தது. அவர் எழும்பி, கையைக் கழுவிவிட்டு, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த அடுத்த ஞாயிறுதான் கடைசி ஞாயிறு. அதற்குமேல் மிசின் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் திங்கள். மடுவத்தில் ஒரே கூட்டம். கௌரி டீச்சர், பெரிய பிள்ளைகள், ஏணையில் அழுகிற சின்னதுகள். நான் அடுப்படியில் பாலைக் காய்ச்சிக்கொண்டு காதை மட்டும் உள்காம்பராவில் வைத்திருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. பிறகு பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டங்களைக் காணவில்லை. காம்பராவுக்கு ஒரு ஆள் குடிவந்த மாதிரி ஒவ்வொரு இடத்திலும் ஒரு எழுத்து நின்றது. டீச்சரின் பாலர் பாட்டு. எனக்கு வாசிக்க முடிந்தது. அந்தப் பெட்டிக்குள் எனக்கு வாசிக்க முடிந்த ஒன்று அன்றைக்குத்தான் வந்தது.

"அம்மா, நீங்க ஏதாவது சொல்லுங்க. மொதல்ல அதத்தான் எழுதப்போறேன்" என்றாள் விஜி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. என்ன சொல்வது? போகாதே என்று ஒரு சொல் தொண்டைவரை வந்து நின்றது. அந்த நேரம் மூக்கில் ஒரு வாசம்.

"அடியேய், பால் பொங்குது! யாராச்சும் எறக்குங்கடி!"

விஜி அதை அப்படியே தட்டிவிட்டாள். அடியேய், பால் பொங்குது, யாராச்சும் எறக்குங்கடி. எங்கள் தோட்டத்தில் கொம்பியூட்டரில் முதன்முதல் எழுதின தமிழ் வாக்கியம் அதுதான், அதிபர் ஐயா புத்தகத்தில் போட்டாலும் சரி, விட்டாலும் சரி. "பால் பொங்கினா நல்லதுதானே அம்மா" என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் பால் சட்டியை இறக்கும் சாக்கில் அடுப்படியிலேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டேன்.

திருவிழா முடிந்து கொட்டகலை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டோம். பாக்கியம் பேசிக்கொண்டே இருந்தாள். விஜி ஜன்னலோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ரயில் வளைவில் திரும்பி மூடுபனிக்குள் போனபிறகும் அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்சநாள் கழித்துத்தான் நானாவின் குடை ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டு நான் தனியாக ஹட்டனுக்குப் போனேன். வழக்கம்போலப் படியில் நின்றேன்.

"தனியாவா வந்தீங்க?" என்றார் நானா. "உள்ளுக்கு வாங்கம்மா." அன்றைக்கு உள்ளே போனேன். விஜி உட்காருகிற நாற்காலியில் உட்காரவைத்துப் பிளேண்டி வாங்கிக் கொடுத்தார்.

"நல்ல புள்ளம்மா. ஆனா புடிவாதம். ரெண்டாவது வாட்டி வந்தப்பவே சொன்னேன், இந்தா கொழும்புல இருந்து முழு செட்டு சீடியும் வந்திருக்கு, அந்த மிசினுக்குத் தேவையானது அம்புட்டும் இதுல இருக்கு, கொண்டுபோ, ஒருநாள்ல முடிச்சிரலாம்னு. கேக்கல. வேணாம் நானா, ஒவ்வொண்ணாவே எடுத்துக்குறேன்னுச்சு. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல எனக்கு."

நான் பிளேண்டியை ஊதிக்கொண்டிருந்தேன். அது ஆறிப்போய் எவ்வளவோ நேரமாகியிருந்தது.

அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலி. நான் சீலைத் தலைப்பை அந்தப் பக்கமும் விரித்துப் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவர் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். நானா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் ஒரு சுள்ளியை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார். அது பிடித்து எரிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... அவளுமா?" என்றார்.

அவ்வளவுதான். பிறகு நிமிர்ந்து பரணைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் சனிக்கிழமைச் சூடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன்.

இப்போது அவர் இல்லை. ஸ்டோரையும் மூடிவிட்டார்கள், வாட்டுமாடி ஜன்னல்களில் குருவி கூடு கட்டியிருக்கிறது. மடுவத்தை இடித்துவிட்டு டைல்ஸ் பதித்த கட்டிடம் கட்டியாயிற்று. அதில் சேலை ஏணை கட்ட உத்திரம் கிடையாது, பிள்ளைகள் கட்டிலில் தூங்குகிறார்கள். தாராக்குஞ்சு மிசின் ஒருநாள் பழைய இரும்போடு லொறி ஏறிப் போனது. கௌரி டீச்சர் மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார். நானா கடையில் அவர் மகன் போனுக்கு உறை விற்கிறான். என் வீட்டிலும் கேஸ் அடுப்புதான், பரண் இல்லை. யாருக்கும் எதுவும் ஏற்ற ஹட்டனுக்குப் போகத் தேவையில்லை. அது அதுவாக வருகிறது, வேண்டிய எல்லாவற்றையும் ஒன்றாகவே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. கணக்கப்பிள்ளையும் இல்லை, துண்டும் இல்லை.

விஜி, இதை உனக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். புத்தகத்தில் போகுமுன் நீ ஒருதடவை சரிபார். கொம்பியூட்டரை அனுப்பின சங்கத்தின் பெயர், மிசின் கேட்ட சாமான்களின் பெயர், பஸ்ஸுக்கு நாம் நின்ற சந்தி எது, நானா கடைக் குடை கறுப்பா நீலமா, ஒன்றும் எனக்கு நிச்சயமில்லை. நானா சொன்னது சரியா என்றும் நான் உன்னிடம் கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்து முடித்துவிடாதே. ஒவ்வொன்றாகப் பார். பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்துச் சொல்.